ஸ்வெட்டரைப் பிரித்த மழைக்காலம்

அந்த வருஷத்து ஐப்பசி, கார்த்திகையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இடுப்பு வலிதான். வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இடுப்பில் இருந்தவளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், ஆனாலும் நான் உட்கார்ந்தால் மடியில் ஏறுவாள், நின்றால் தூக்கச் சொல்வாள். கீழே இறக்கினால் அழுவாள்.

சாந்தோமில் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். யுத்த காலம். என் கணவர் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து வடக்கே போயிருந்தார். நடுவில் ஒருமுறை லீவில் வந்துவிட்டுப் போனதில்தான் இந்த இரண்டாவது. வீட்டில் என்னோடு இருந்தவர் கணவரின் அக்காள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சர். நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். அதுவரை நானும் குழந்தையும் மழையும்தான்.

பிள்ளை கிறிஸ்துமஸை ஒட்டிப் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில்தான் பயம். மூத்தவளும் மார்கழியில் பிறந்தவள். கடற்கரையை ஒட்டிய வீடு, ஜன்னல் வழியே சதா ஈரக்காற்று. பிறந்த மாதமே அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. "பிறந்த குழந்தையைத் துணியில சுத்தி வெச்சா போதுமா? கம்பளி போடணும்" என்று டாக்டர் அப்போது சத்தம் போட்டார். சென்னையில் கம்பளியா என்று யாராவது சிரித்தால் அந்த நீல உதடு என் கண் முன்னால் வரும்.

பின்னல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ மதர்கள் கற்றுக்கொடுத்தது. ஆனால் நூல்? மவுண்ட் ரோடில் அக்கா ஏறி இறங்காத கடையில்லை. உல்லன் நூலெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். அப்புறம்தான் கொடியில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில் கணவருக்காக நான் பின்னிய கையில்லாத ஸ்வெட்டர் அது. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். இந்த ஊர் வெயிலுக்கு அவர் அதைப் போட்டதே அபூர்வம். பட்டாளத்தில் காக்கி கம்பளி கொடுப்பார்கள் என்று இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அதை எடுத்து, தையலைப் பிரிக்கக் கத்தரியைத் தேடியபோது அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார்.

"என்ன பண்றே?"

"பிரிக்கப் போறேன்க்கா. இதுல ஒரு சட்டையும் குல்லாவும் வரும்."

அக்கா குடையை மடக்காமலே நின்றார். "அவன் சட்டையையா? அவன் அங்க குண்டுக்கு நடுவுல கிடக்கிறான். நீ இங்க உக்காந்துகிட்டு அவன் உடுப்பைப் பிரிக்கிறியா?"

"வேற நூல் இல்லியேக்கா."

"என்னமோ செய். என்கிட்ட கேக்காதே. நான் அதைத் தொடமாட்டேன்."

அவர் கோபத்துக்குக் காரணம் எனக்குப் புரிந்தது. தம்பியிடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. செபமாலை சொல்லும்போது மட்டும், தம்பிக்காக வேண்டும் இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். நான் கவனிக்காத மாதிரி அடுத்ததைத் தொடங்குவேன்.

அக்காவை விடப் பெரிய சங்கடம் குழந்தை. அப்பா போனதிலிருந்து அவள் மத்தியானம் தூங்குவது அந்த ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டுதான். அதன் பெயரே அவளுக்கு அப்பா. "அப்பா தா" என்று கையை நீட்டினால் கொடியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தூங்குவாள், அவள் தூங்கினால் நானும் கொஞ்சம் காலை நீட்டலாம். அந்த ஒரு பொழுதை நம்பித்தான் நான் அன்றாடம் எழுந்ததே.

அதனால் முதுகுப் பக்கத்தை அவளுக்கு விட்டு, முன்பக்கத்தை மட்டும் முதலில் பிரித்தேன். தோளில் முடிச்சை அவிழ்த்து இழுத்தால் வரிவரியாகக் கழன்று வந்தது. இத்தனை வருஷம் கண்ணிகளாக இருந்த நூல் நேராகுமா? சுருள் சுருளாக நின்றது. நாற்காலி முதுகில் சுற்றி, வெந்நீரில் நனைத்து, கீழே கனத்துக்கு ஒரு படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். மழையில் காயவே இல்லை. நாய் நனைந்த மாதிரி ஒரு வாடை வீடு முழுக்க. காய்ந்தபின் உருட்டி வைத்த பந்தைக் குழந்தை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். மேசைக்கால், அடுப்பங்கரைக் கதவு, என் கால், எல்லாவற்றிலும் நூல்.

அந்த நேரம் பார்த்து மீன்காரம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது, பாப்பா வலை போட்டுகினு கீது?"

எனக்கு எழுந்திருக்கவும் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்தபடி நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கூடையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூஞ்சி இன்னா இப்டி வீங்கிக் கீது? வவுத்துப் புள்ளக்காரி தரையில குந்திகினு கீறியே. போய்ப் படும்மா."

"படுத்தா இவளை யார் பாக்கிறது?"

"அதுவும் சர்தான்" என்று சொல்லிவிட்டு, மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேசைக்காலில் சுற்றியிருந்த நூலை அவளே கழற்றிக் கொடுத்தாள். நூலில் கொஞ்சம் மீன் வாடையும் சேர்ந்தது.

சோறு ஊட்டும்போது பின்ன முடியாது, குளிப்பாட்டும்போது முடியாது, அவள் விழித்திருக்கும்போதும் முடியாது. அவள் தூங்கும்போது எனக்கே தூக்கம் வந்துவிடும். ஊசி கையில் இருக்கத் தலை சாய்ந்து, விழித்துப் பார்த்தால் எந்த வரியில் நிறுத்தினேன் என்று தெரியாது. எண்ணி எண்ணிக் குழம்பி, பின்னியதைப் பிரித்து, மறுபடியும் பின்னுவேன். மதர்கள் பார்த்திருந்தால் விரலில் அடித்திருப்பார்கள்.

எப்படியோ புதுச் சட்டையின் முதுகு முடிந்து, முன்பக்கம் பாதிக்கு மேல் வந்திருந்தது. ஊசியோடு பாயில் வைத்துவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றப் போனேன். திரும்பினால் குழந்தை எதிரே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னலிலிருந்து உருவிய ஊசியை மரியாதையாக என்னிடம் நீட்டினாள்.

"இந்தா அம்மா."

பாயில் கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. ஒரு முனையை அவள் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஊசியை வாங்கிக்கொண்டேன். "சமர்த்து" என்றேன். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று நினைவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை.

அக்கா வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது அவருக்கு. அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடு இங்க."

"தொடமாட்டேன்னீங்களேக்கா."

"குடுன்னா குடு."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நழுவிய கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. குழந்தை அவர் தோளில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"அவன் வந்து என் ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றார், தலை நிமிராமல்.

"நான்தான் பிரிச்சேன்னு சொல்லுவேன்."

அக்கா இன்னும் இரண்டு கண்ணிகளை ஏற்றினார். "வந்து கேக்கட்டும். அவன் வந்து கேட்டா போதும்" என்றார். அதற்குமேல் அவரால் கண்ணி எடுக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எங்கள் இருவருக்கும் நடுவில் குழந்தை புகுந்துகொண்டு, "அத்தை, சோறு" என்றாள். எழுந்து சோறு வைத்தோம்.

அதன்பின் அக்கா மாலை வந்ததும் காப்பி குடித்துவிட்டு ஊசியை எடுத்துக்கொள்வார். உடம்பும் குல்லாவும் முடிந்தன. கைகளுக்கு நூல் இல்லை.

"அந்த ஸ்வெட்டர் முதுகுத் துண்டையும் பிரிச்சா ரெண்டு கையும் வந்துடும்" என்றார் அக்கா.

குழந்தை அந்தத் துண்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்க்கா. அது இல்லாம இவ தூங்கமாட்டா. இவ தூங்கலேன்னா நான் செத்தேன்."

அக்கா அதை மறுபடி கேட்கவில்லை. தன் பழைய வெள்ளை ஃபிளானல் பாவாடையை வெட்டிக் கை தைத்து வைத்தார்.

பிள்ளை சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டான். புயல் மழை கொட்டிய ஒரு காலையில், தண்ணீர் தேங்கிய தெருவில் ஜட்காவைப் பிடித்து அக்கா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூத்தவள் முன்கட்டு வீட்டம்மாவிடம் இருந்தாள். மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டான். கையளவு உருவம். சாம்பல் நீல உடம்பும் வெள்ளைக் கையுமாக இருந்த அந்தச் சட்டையை அவனுக்குப் போட்டபோது நர்ஸ் சிரித்தாள். ஞானஸ்நானத்தன்று கோயிலிலும் சிலர் சிரித்தார்கள். "யுத்த காலத்துச் சட்டை" என்று அக்கா நிமிர்ந்து பதில் சொன்னார்.

அவனுக்குச் சளி பிடிக்கவில்லை. பொங்கல் கழிந்து வெயில் ஏறி, கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்துவிட்டது. அதோடு கம்பளியைக் கழற்றிவிட்டோம்.

சண்டை முடிந்து என் கணவர் வீடு திரும்பியபோது பையன் நடக்க ஆரம்பித்திருந்தான். ஸ்வெட்டர் என்று ஒன்று இருந்ததே அவருக்கு நினைவில்லை. மகள் கதவுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "இந்த மாமா எப்பம்மா போவாரு?"

அவர் சிரித்தார். அப்புறம் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "கடற்கரைக்குப் போவமா?" என்று மகளைக் கேட்டார். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நடந்து போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பாத்திரம் கழுவாமல் கிடந்தது, துணி மடிக்காமல் கிடந்தது. உள்ளே வந்து வெறுந்தரையில் புடவைத் தலைப்பை விரித்துப் படுத்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.