பயோட்டினும் கன்னியம்மா அக்காவும்

சுவீடனின் வடக்கே, நான் வேலை செய்யும் உமேயோ ஊரில் பலர் 'ஆமாம்' என்று வாய்திறந்து சொல்வதில்லை. உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் நான் எதைக் கேட்டாலும் எதிரில் இருப்பவர் திடுக்கிடுவதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். சென்னைச் சிட்லபாக்கத்துக்காரிக்கு அது பழக மூன்று மாதம் ஆயிற்று.

நான்காவது மாதம் வேலைக்கே ஆபத்து வந்தது. எலியின் இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை அளப்பது என் பொறுப்பு. அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று உண்டு. அதில் அடையாளத்துக்காகப் பயோட்டின் என்ற விட்டமினைக் கோத்திருப்பார்கள். பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் கரைசலை ஊற்றி, பிறகு சாயம் சேர்த்தால் தட்டின் குழிகளில் நீலம் ஏறும். எவ்வளவு நீலமோ அவ்வளவு புரதம். எனக்கு ஏறவேயில்லை. மூன்று வாரம் தட்டுகள் வெளிறியே கிடந்தன. சேமித்து வைத்திருந்த எலி இரத்தம் தீர்ந்துகொண்டு வந்தது. எனக்கு முன்பு இதைச் செய்துவந்த ஹென்ரிக், என் கை சரியில்லை என்று ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியையிடம் சொல்லிவிட்டான். எனக்கோ ஆறு மாத ஒப்பந்தம்தான்.

அன்று மதியம் அவன் எழுதிவைத்த செய்முறையை வரிவரியாகப் படித்தேன். எல்லாக் கரைசலையும் பால் பவுடர் கலந்த நீரிலேயே கலக்கச் சொல்லியிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே வருவதற்கு முன் தாம்பரத்தை அடுத்து, பரிசோதனைக் கிட் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் இருந்தேன். அங்கே கண்ணாடிச் சாமான் கழுவியவர் கன்னியம்மா அக்கா. கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். மீன் செவுளைப் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். நாங்கள் இதே போன்ற தட்டுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, குப்பைக்குப் போகும் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாம்மா, பால் ஊத்துன தட்டு மட்டும் வெளுத்துகினு கீது?"

அவர் சொன்னது சரி. பாலிலேயே பயோட்டின் இருக்கிறது. அது முந்திக்கொண்டு கரைசலோடு ஒட்டிக்கொள்கிறது; ஆன்டிபாடியில் ஒட்டக் கரைசல் மிஞ்சுவதில்லை. சோதித்து உறுதிசெய்தது நான். அறிக்கையில் மேலாளர் என் பெயரை மட்டும் எழுதினார். நானும் வாய் திறக்கவில்லை.

ஹென்ரிக்கிடம் போய், பிரச்சினை பால்தான் என்றேன். மூன்றாம் மாடி ஃப்ரிட்ஜில் நிறைய இருக்கிறதே என்றான் அவன், காபிக்குக் கேட்கிறேன் என்று நினைத்து. விளக்கிப் பயனில்லை. பாதித் தட்டைப் பாலோடும் பாதியைப் பாலில்லாமலும் செய்து அவன் முன்னால் வைத்தேன். பாலில்லாத பாதியில் நீலம் பொங்கிக்கொண்டு வந்தது. அவன் நேரே பேராசிரியையின் அறைக்குப் போனான். பழைய ஆன்டிபாடியில் பயோட்டின் கிடையாது, புதியது வந்தபோது செய்முறையை மாற்றாதது தன் தவறு என்று சொன்னான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று பேராசிரியை கேட்டார். இந்த முறை நான் தயங்கவில்லை. கன்னியம்மா என்றேன். டாக்டரா என்றார். கண்ணாடி கழுவுபவர் என்றேன். கட்டுரையின் நன்றிப் பகுதிக்காக அந்தப் பெயரை என்னிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என் ஒப்பந்தமும் இரண்டு ஆண்டுக்கு நீண்டது.

வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன். மேலாளரிடம் அன்றே அவர் பெயரைச் சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"அத்த வுடும்மா. எம் பேரு போட்ட தாளு ஒண்ணு அனுப்பு. நான் சும்மா கழுவிக்கினு கீறேன்னு எம் பொண்ணு நெனச்சிக்கினு கீது."

கட்டுரை வெளிவந்ததும் அந்தப் பக்கத்தை அனுப்பினேன்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் கரைசல் புட்டிகளின் மேல் 'பால் கூடாது' என்று தமிழில் எழுதியிருக்கும். முதல் புட்டியில் விளையாட்டாக எழுதியது நான். புட்டி மாறும்போதெல்லாம் ஹென்ரிக் அதைப் படம் வரைவதுபோல் பார்த்து வரைகிறான். போன வாரம் துணைக்காலை விட்டுவிட்டான்: 'பால் கூடது'. திருத்தலாம் என்று பேனாவை எடுத்துக்கொண்டு அருகில் போனேன். அவன் அந்த எழுத்துகளைப் புதிதாக வந்த மாணவிக்குக் காட்டி, அவற்றின் பொருளைச் சுவீடிஷில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லி முடிக்கும்வரை, மூடியைக் கழற்றிய பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன்.