பிளக்-இன் போட்ட பெரிய இன்ஜினியர்

நாயுடுபுரத்தில் லாட்ஜ் ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் செய்து விற்கும் சின்ன ஆபீஸில், அதைச் சரிபார்க்கிற சோலி எனக்கு. எட்டாவது ஃபெயிலுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? நாள் பூராவும் மவுஸை அமுக்கி அமுக்கி விரல் வீங்கியது. அந்த அமுக்கலைத் தானே செய்யும் டெஸ்டிங் சாஃப்ட்வேர் ஒன்றை முதலாளி வாங்கினார். எங்கள் புக்கிங் பக்கம் எது என்று அதற்குக் காட்டிவிட, பைதான் கம்ப்யூட்டர் மொழியில் பிளக்-இன் என்கிற சின்ன இணைப்பு புரோகிராம் ஒன்று எழுத வேண்டும்.

"நான் போடுறேண்ணே," என்றேன், பெரிய புடுங்கி மாதிரி. அந்த டெஸ்டிங் சாஃப்ட்வேரோடு வந்த மாதிரி பிளக்-இன் ஃபோல்டரை அப்படியே காப்பியடித்து, மேலே என் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டேன். ஓட்டினால் எல்லாம் பச்சை, அதாவது எல்லாம் பாஸ். ஒரு வாரம் காலாட்டிக்கொண்டே டீ குடித்தேன்.

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏலே, வேணும்னே புக்கிங் பட்டனையே தூக்கிட்டேன். ஒன் மெஷினு இன்னமும் எல்லாஞ் சரிங்குது!"

பிளக்-இன்னைத் திறந்து பார்த்தால், அது எங்கள் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாதிரியோடு வந்த பொம்மைப் பக்கத்தையே தினமும் சோதித்திருக்கிறது.

"அதுவும் என்னய மாதிரிதாண்ணே, வேல பாக்காமலே பாத்துட்டேங்குது."

"வாய மூடு. சீசன் முடியுற வரைக்கும் கையாலயே அமுக்கு."

அமுக்கினேன். வீங்கின விரலுக்கு அந்த ஒரு வாரம்தான் லீவு.