உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

அனுமந்தையில் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால், லேப்டாப் எந்நேரமும் சார்ஜிலேயே கிடக்கும். அப்டேட் செய்யச் சொல்லி வரும் அறிவிப்புகளை, வேலை நின்றுவிடுமே என்று படிக்காமலே தள்ளிவிடுவேன்.

திடீரென்று டச்பேட் அழுந்த மறுத்தது. உப்பளத்துக் காற்றில் கிரில் கதவே துருப்பிடிக்கிற ஊர். அதனால்தான் என்று நினைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தியே சில நாள் ஓட்டினேன். பிறகு மூடியும் சரியாக மூடவில்லை. கட்டிலில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தபோது, உப்பு லாரி ஓட்டும் என் கணவர் உள்ளே வந்தார்.

"ரோஸி, கைய எடு! அடியில உப்பிக்கினு இருக்குது பாரு. மொதல்ல பாப்பாவத் தூக்கு!"

பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அவளைத் தூக்கினேன். 

மரக்காணத்தில் லேப்டாப் சரிசெய்யும் கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"உப்புக் காத்தெல்லாம் இல்லீங்க, எந்நேரமும் சார்ஜுலயே கெடந்து பேட்டரி வீங்கிடுச்சு. இன்னும் அமுக்கியிருந்தா தீயே புடிச்சிருக்கும்" என்றார்.

புது பேட்டரி போட்டு, எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி மாற்றிக் கொடுத்தார். நான் தள்ளிக்கொண்டே வந்த அப்டேட்டில்தான் அந்த வசதி இருந்ததாம்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிடுகிறேன். அப்டேட் வந்தால் உடனே ஓடவிட்டு, அது முடியும்வரை மகள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்குக் கிடைக்கிற ஓய்வு அவ்வளவுதான்.