மற்ற ஆளுக்குக் கட்டிய காப்புறுதி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும், நடந்ததிலும் பாதி மறந்துபோய்விட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கார்க் காப்புறுதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவரிடம் ஒரு பழைய மொறிஸ் கார் இருந்தது. தாண்டிக்குளத்தில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியைத் தாண்டி மூட்டை முடிச்சோடு வருகிற சனத்தை ஏற்றி டவுனில் இறக்குவார். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காரால்தான். வருடம் தவறாமல் காப்புறுதிக் கந்தோருக்குப் போய்க் கட்டிவிட்டு வந்து, அங்கே தருகிற காப்புறுதித் துண்டைப் பொலித்தீன் பையில் போட்டு காருக்குள் இருந்த அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். என்ன நடந்தாலும் இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார். எது நடந்தால் எதைப் பார்ப்பார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மாரிகாலக் காலையில் குருமன்காட்டில் வைத்து ஒரு மீன்காரரின் சைக்கிளை எங்கள் கார் இடித்துவிட்டது. பிறேக் பிடித்தும் சேறு இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். மீன்காரருக்குக் கால் முறிந்தது. கார் அதோடு நிற்காமல் மதகுக் கட்டில் முட்டி, முன்பக்கம் நசிந்து ரேடியேற்றரும் உடைந்தது.

அந்த நாட்களில் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர்கள் வவுனியாவில் தங்குவதற்குப் பாஸ் வேண்டும். மீன்காரரின் பாஸ் முடிந்து நாலு நாள். பொலிசுக்குப் போனால் காலைப் பற்றிக் கேட்க முதல் பாஸைக் கேட்பார்கள். பிறகு குடும்பத்தோடு அகதி முகாமுக்குத்தான். அதனால் ஆஸ்பத்திரியில் சைக்கிளால் விழுந்தது என்று சொல்லிவிட்டு, வேதக்கோவில் பாதிரியார், எங்கள் சுவாமிக்கு முன்னால் இரண்டு பேரும் இருந்து கதைத்துச் சமாதானம் ஆனார்கள். எங்கள் கரையில் வள்ளத்தோடு வள்ளம் முட்டினாலும், ஒருவன் வலையை இன்னொருவன் அறுத்தாலும் அப்படித்தான் தீர்ப்பது. பிழை என்னுடையது, அவர் எழும்பி நடக்கும்வரை அவர் வீட்டை நான் பார்ப்பேன் என்று என் கணவர் கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். சுவாமியும் வைத்தார். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்து, அந்தக் கடிதத்தையும் கொண்டு இரண்டு பேரும் காப்புறுதிக் கந்தோருக்குப் போனோம். கிளாக்கர் முதலில் பொலிஸ் என்ட்ரி எங்கே என்று கேட்டார். இல்லை. கடிதத்தை வாசித்தார், நெற்றியில் கையை வைத்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நாங்கள் கட்டியது தேட் பாட்டி இன்சூரன்ஸ். எங்கள் காரால் இன்னொருவருக்குக் காயம் வந்தால் அவருக்குத்தான் அது கொடுக்கும். எங்கள் கார் நசிந்தால் ஒரு சதமும் இல்லை. அதற்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புல் இன்சூரன்ஸ் போட வேண்டும், அவ்வளவு பழைய காருக்கு அதையும் கொடுக்கமாட்டார்கள். மற்ற ஆளுக்குக் கொடுப்பதென்றாலும் உடனே அறிவிக்க வேண்டும், பொலிசில் பதிய வேண்டும், அவர்களைக் கேட்காமல் பிழையை ஒத்துக்கொள்ளவும் கூடாது. எல்லாம் துண்டின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். அது இங்கிலீசிலும் சிங்களத்திலும் பொடி எழுத்தில் கிடந்தது. நாங்கள் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"நீங்களே எல்லாத்தையும் பொறுப்பெடுத்து எழுதிக் குடுத்திட்டியள். இனி நாங்கள் என்னத்துக்கு, அண்ணை?"

வெளி ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"தம்பி, அப்ப இவ்வளவு வருஷமும் ஆருக்கு நாங்கள் கட்டினது?"

"மற்ற ஆளுக்கு, அம்மா."

"அவருக்கும் ஒண்டும் இல்லையெண்டுதானே சொல்லுறியள்."

அவர் குரலைத் தாழ்த்தி, இப்போதாவது போய் என்ட்ரி போடுங்கள், இந்தக் கடிதத்தை நான் காணாத மாதிரி இருக்கிறேன், முயற்சி செய்து பார்க்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொலிசுக்குப் போங்கள் என்று நான் கணவரை அரித்தெடுத்தேன். அவர் வீட்டுப் படலையடிக்கு வந்ததும் நின்று திரும்பினார்.

"நான் போனால் அவன் பெண்சாதி பிள்ளையளோடை முகாமுக்குப் போவான். முறிஞ்ச காலோடை. ஏலுமெண்டால் நீர் போய்ப் பதியும், பாப்பம்."

நான் போகவில்லை. எனக்கும் அதற்கு மனம் வராது என்று தெரிந்துதான் அவர் அப்படிச் சொன்னார், அது வேறு எனக்கு எரிச்சல். மீன்காரரில் கோபிக்க முடியாது. கிளாக்கர் தன் வேலையைச் செய்தார். கடைசியில் மூன்று நாள் பானை சட்டியோடு சண்டை பிடித்தேன்.

திருத்தக் காசில்லாமல் கார், இழுத்துக்கொண்டுபோய் விட்டிருந்த கராச்காரனிடமே விலைப்பட்டது. அந்தக் காசில் மீன்காரர் வீடும் எங்கள் வீடும் அவர் பொல்லூன்றி நடக்கும்வரை சாப்பிட்டன. அதன் பிறகு என் கணவர் வேறொருவரின் வானுக்குச் சாரதியாகப் போனார். வான்காரர் எங்கள் வீட்டுக்கு வேலை பேச வந்த அன்று, தேத்தண்ணியை வைத்துவிட்டு வழக்கம்போலக் குசினிக்குள் போகாமல் நின்று, வானுக்குப் போட்டிருப்பது புல்லோ தேட் பாட்டியோ என்று கேட்டேன். கணவர் நிலத்தைப் பார்த்தார். வான்காரர், பார்த்துத்தான் சொல்ல வேண்டும் அக்கா என்றார்.

காப்புறுதிச் சட்டம் பற்றி இதில் எழுதியதெல்லாம் அந்தக் கிளாக்கர் வாயால் கேட்டதுதான். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு மறந்துவிட்டது, மற்றதிலும் பிழை இருக்கலாம். அந்த வேலை தெரிந்த யாராவது ஒருதரம் பார்த்துத் திருத்திவிடுங்கோ.