போராமாவில் மாட்டியிருந்த அசல்

வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பைக் கிளறும்போது ஆர்தோ கடிகாரம் பார்ப்பதில்லை. கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஓட்டிக்கொண்டே தன் அப்பா பெயரில் தொடங்கி மேலே போவாள். இல்மி, ரோப்லே, சமதர், கூலேத் என்று சுற்றுக்கு ஒரு தலைமுறை. இருபத்தோராவது பாட்டனிடம் போய்ச் சேரும்போது சூப் பதமாகியிருக்கும். கூட வேலை பார்க்கும் மார்கெத்தா அதை ஏதோ ஜெபம் என்று பல வருஷம் நினைத்திருந்தாள். அந்த நேரத்தில் தட்டுகளைக்கூடச் சத்தமில்லாமல்தான் அடுக்குவாள்.

ஃபின்லாந்தில் துர்க்கு நகரத்தில், வாரிஸ்ஸுவோ பேட்டையில் இருக்கும் பள்ளிக்கூடச் சமையலறை அது. நானும் அதே பள்ளியில் பதினோரு வருஷம் கூட்டித் துடைத்தவள். ஆர்தோ எனக்கு மேல் மாடியில் குடியிருக்கிறாள். இரண்டு பேரும் சோமாலியர். அவளுக்கு ஊர் போராமா, எனக்கு ஹர்கெய்சா. அவளுடைய பாட்டியின் தங்கையை என் தாய்மாமன் கட்டியிருந்தார். அந்த வழியில் அவள் எனக்கு மகள் முறை, நான் அவளுக்குச் சின்னம்மா.

எழுத்து என்று கண்ணில் பட்டால் அவளால் சும்மா தாண்டிப் போக முடியாது. பால் பெட்டியில் அச்சடித்தது, பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் காணாமல்போன பூனை நோட்டீஸ், லிஃப்ட் கதவில் சவுனா நீராவிக் குளியலின் நேர மாற்றம், எல்லாவற்றையும் நின்று வாய்விட்டுப் படிப்பாள். படித்து முடித்ததும் அந்தக் காகிதத்துக்கு ஒரு நன்றியும் சொல்வாள். நோட்டீஸுக்கு எதற்கடி நன்றி என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதியிருக்காங்கல்ல சின்னம்மா. நாம படிச்சிட்டோம்னு அவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

போராமாவில் அவள் இரண்டாம் வகுப்புப் போய்க்கொண்டிருந்தபோது சண்டை வந்து பள்ளிக்கூடம் எரிந்துபோனது. தாயில்லாப் பிள்ளை. அத்தை அம்பரோதான் வளர்த்தாள். முப்பது வயதில் அகதியாக ஃபின்லாந்து வந்து இறங்கியபோது அவளுக்குத் தன் பெயரைத்தான் எழுதத் தெரியும். பகலெல்லாம் பாத்திரம், சாயங்காலம் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் என்று நாலு வருஷம் ஓடி ஒன்பதாம் வகுப்பு முடித்தாள். சான்றிதழில் ஃபின்னிஷ் மொழிக்கு ஏழு மதிப்பெண். இங்கே பத்துதான் உச்சம், நாலு வாங்கினால் தோல்வி. ஏழு என்பது மரியாதையான எண்.

சான்றிதழ் வாங்கிய அன்றைக்கு எங்கள் கூடம் முழுக்கச் சம்பூசா பொரிக்கும் வாசனை. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்கள், என்னைப்போல் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அத்தைக்கு ஒரு கண் போயிற்று. மற்றதிலும் மூட்டம் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அது அணைவதற்குள் போய் முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் ஆர்தோவின் ஒரே நினைப்பு. ஆனால் அவள் கையில் இருந்தது அகதிப் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு வேறு எங்கே போனாலும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. குடியுரிமை கிடைத்து இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வந்தால்தான் வழி. குடியுரிமைக்கோ மொழி தெரியும் என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

மொழித் தேர்வு எழுதப் போனாள். வாய்விட்டுப் பேசும் பகுதியில் அவளை யார் தோற்கடிக்க முடியும்? எழுத்தில்தான் விழுந்தாள். மாடிக்காரர்கள் இரைச்சல் போடுகிறார்கள், வீட்டு நிர்வாகத்துக்குப் புகார்க் கடிதம் எழுது என்பது கேள்வி. இவள் அந்தக் குடும்பம் பிள்ளைக்குட்டிக்காரர்கள், பாவம், ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று எழுதி, போன பனிக்காலத்தில் வெந்நீர்க் குழாயை உடனே சரிசெய்து கொடுத்ததற்கு நிர்வாகத்துக்கு நன்றியும் சேர்த்து எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

"புகார் எழுதுன்னா புகார் எழுத வேண்டியதுதானேடி?"

"எழுதலாம் சின்னம்மா. அப்புறம் அந்தப் பிள்ளைங்கள எழுப்பி வெளிய அனுப்பிட்டா?"

அது தேர்வுக்காகக் கற்பனையாகச் சொன்ன குடும்பம் என்று எவ்வளவு சொல்லியும் தலையை ஆட்டினாளே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

மார்கெத்தாதான் தன் போனில் அரசாங்கப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, உனக்குத் தேர்வே வேண்டாம், ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழில் மொழிப்பாடம் தேறியிருந்தால் போதும், அசலைக் கொண்டுபோய்க் காட்டு என்றாள். ஆர்தோ கரண்டியை அப்படியே விட்டுவிட்டாள். அந்த வியாழக்கிழமை சூப் அடிப்பிடித்தது. அவள் கையால் சூப் அடிப்பிடித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அசல் இங்கே இல்லை. வாங்கிய வாரமே ஊருக்குப் போகிறவர் ஒருவர் கையில் அத்தைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒரு நகலை எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. வளர்த்தவளுக்கு நகலை அனுப்புகிற பெண்ணை நாங்கள் பார்த்ததில்லை. மார்கெத்தாவிடம் சொல்லத்தான் வெட்கப்பட்டாள். அடுத்த வாரம் அவள் கேட்டபோது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி மழுப்பினாள்.

போராமாவில் அத்தை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் பூமாலை சுற்றி, கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தாள். அந்த ஊரில் அந்த மொழி படிக்க யார் இருக்கிறார்கள்? வந்தவர்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள். அது என்ன ஏழு, எத்தனைக்கு ஏழு என்று ஒரு வாத்தியார் கேட்டாராம். ஏழுக்கு ஏழு என்று அத்தை சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆர்தோ போன் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் குரல் ஏறியது.

"குடுத்தத திருப்பிக் கேக்கறதுக்கா உன்ன வளத்தேன்? காலைல கண்ணு முழிச்சா எனக்குத் தெரியறதே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டா நான் எதப் பாக்கறது?"

"என்னப் பாரு அத்தே. அது இங்க வந்தா நான் அங்க வருவேன்."

போனில் ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது. பிறகு அத்தை, "சட்டத்தோடதான் தருவேன். கழட்டினா கிழிஞ்சிரும்" என்றாள்.

போராமாவிலிருந்து ஹர்கெய்சா வரைக்கும் அது மினிபஸ் கண்டக்டர் மடியில் வந்தது. அங்கே ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பவிருந்த வர்சமே என்ற ஆள் கிடைத்தான். முன்பின் தெரியாதவன். கண்ணாடிச் சாமானை நான் தூக்கமாட்டேன் என்று ஆர்தோவிடம் போனிலேயே கையை விரித்தான். நீ யார் பிள்ளை என்று மட்டும் மரியாதைக்குக் கேட்டு வைத்தான். ஆர்தோ இல்மியில் தொடங்கினாள். அவனும் தன் பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கு ஒன்பதாவதும் அவனுக்குப் பத்தாவதுமான ஒரே பாட்டனில் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"அட, நீங்க எனக்கு அத்தை முறை ஆகணும். இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

விமானத்தில் மேல் தட்டில் அடங்காமல் ஸ்டாக்ஹோம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். அங்கிருந்து பகல் கப்பலில் என் நாத்தனார் மகன் கொண்டுவந்து சேர்த்தான். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

குடியேற்ற அலுவலகத்துக்கு ஆர்தோ அதைச் சட்டத்தோடுதான் தூக்கிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். பூமாலையும் சாம்பிராணி வாசனையுமாக அது மேஜைமேல் உட்கார்ந்ததும் அங்கிருந்த பெண்ணுக்கு இரண்டு தும்மல் வந்தது. காகிதத்தை வெளியே எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பின்பக்க ஆணிகளைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பி எடுக்க மூன்று பேரும் குனிந்து பாடுபட்டோம். அவள் படித்தாள், பதிந்துகொண்டாள், இது போதும் என்றாள். பிறகு, இது எங்கே இருந்தது என்று விசாரித்தாள். ஆர்தோ சொன்னாள். அந்தப் பெண் முகத்தில் ஒரு சங்கடம். பள்ளியிலேயே எல்லார் பதிவும் எப்போதும் இருக்கும், ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் முத்திரை போட்டு இன்னொன்று கொடுத்திருப்பார்களே என்றாள்.

எங்கள் வாரிஸ்ஸுவோவில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பதிவேடும் எரிந்து சாம்பலானதைப் பார்த்தவர்கள் நாங்கள். கையில் இருக்கிற காகிதம் போனால் போனதுதான் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இத்தனை பேரை அலைக்கழித்தோமே, பாவம் அந்தக் கிழவியின் சுவரை மொட்டையாக்கினோமே என்று ஆர்தோவைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லம்மா. எழுதிக் கேட்டிருந்தா காகிதம் கெடச்சிருக்கும். வர்சமே கெடச்சிருக்க மாட்டான்."

வர்சமே யார் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தலையாட்டி வைத்தாள். ஆர்தோ அவளுக்கும், கத்தரிக்கோல் இரவல் தந்த பக்கத்து மேஜைக்காரனுக்கும், வாசலில் நின்ற காவலாளிக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

முடிவு வர ஒரு பனிக்காலம் முழுக்க ஆயிற்று. வந்தது நல்ல முடிவு. ஜூலையில், பள்ளிச் சமையலறை மூடியிருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் போட்டாள். அத்தையின் கண்ணில் மூட்டம் கூடியிருக்கிறது, கிட்டே வந்தால் ஆள் தெரிகிறது என்று சொன்னார்கள்.

புறப்படுகிற அன்று காலையிலேயே அவள் வீட்டில் எங்கள் ஜனம் நிறைந்துவிட்டது. மூட்டுவலித் தைலம், மூக்குக் கண்ணாடி, காப்பிப்பொடிப் பொட்டலம் என்று ஊரில் இருக்கும் தங்கள் சொந்தங்களிடம் சேர்க்கச் சொல்லி ஆளுக்கு ஒன்று. யாருக்கும் அவள் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு பெட்டியையும் குளியலறை எடைமேடையில் ஏற்றி, விமானத்தில் விடும் எடைக்கு ஒரு கிராம்கூட மிச்சமில்லாமல் சரியாக இருக்கிறது என்று பூட்டியும் ஆயிற்று. அப்போதுதான் பஸ் ஓட்டும் அப்திரிஸாக் மூச்சு வாங்க வந்து நின்றார். ஹர்கெய்சாவில் இருக்கும் அவர் அம்மாவுக்குக் கால் வீக்கம். அதற்கென்று தேடி வாங்கிய அகலச் செருப்பு ஒரு ஜோடி கையில் இருந்தது. பூட்டின பெட்டிகளைப் பார்த்ததும் அதை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டார். சும்மா வழியனுப்பத்தான் வந்தேன் என்றார்.

ஆர்தோ குனிந்து பெட்டியைத் திறந்தாள். மேலாகவே அத்தை முன்னால் போய் நிற்பதற்கென்று தைத்து வைத்திருந்த நீலச் சரிகை திராக் இருந்தது, கனத்த நீள அங்கி. அதை எடுத்து உதறி, கொளுத்துகிற அந்த வெக்கையில், உடுத்தியிருந்ததன் மேலேயே தலைவழியாக மாட்டி இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்புக்காகக் கையை நீட்டினாள்.