உருத்திரமூர்த்தி அண்ணைக்கு ஒரு பாராட்டு விழா

சிவானுஜாவின் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்று இருந்தது. விழாவுக்கு வந்தவர் எவரும் படத்தில் விடுபடக் கூடாது.

ஹம்பேர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் தமிழ்க் கல்யாணங்கள், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடுகள், பிறந்தநாள்கள் பலவற்றுக்கு அவள்தான் வீடியோ எடுத்தாள். தாலி கட்டும் நேரத்தில் கமரா கொஞ்சம் ஆடிவிட்டால் சனம் மன்னித்துவிடும். பிறேமனிலிருந்து குடும்பத்தோடு வந்த சித்தப்பா சோறு சாப்பிடும் காட்சி இல்லையென்றால் மன்னிக்கவே மாட்டாது. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியை அவளுக்குத் தெரியும். அதனால் மேசை மேசையாகப் போய், கடைசிப் பந்தியில் பாயசம் குடிக்கும் கிழவர் வரை எடுத்துவிட்டுத்தான் கமராவைப் பையில் வைப்பாள்.

ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஹம்பேர்க்கில் படித்து, ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பு நிறுவனத்தில் படத்தொகுப்புக்கு ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தவள். மண்டபங்களில் கமராவோடு நின்ற அத்தனை சனிக்கிழமைகளிலும் அவளுடைய மண்டைக்குள் ஒரு கதை ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு குடும்பங்கள், இரண்டு சாமத்தியவீடுகள், ஒரே மண்டபம், ஒரே நாள். நடுவில் ஒரு திரைச்சீலையைக் கட்டிவிட்டு இரு பக்கமும் மேளம் அடிக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கவேண்டிய பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கதவால் ஓடிப்போய் எஸ்-பான் ரயிலில் ஏறிவிடுகிறார்கள். அவள் எழுதிக் கொடுத்து வாசித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தப் படத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

பெர்லினில் மாசி மாதம் ஒரு கூட்டுத்தயாரிப்புச் சந்தை நடந்தது. பல நாடுகளின் சிறு தயாரிப்பாளர்கள் தங்கள் கதையோடு வருவார்கள். தொலைக்காட்சிக்காரர்களும் விநியோகஸ்தர்களும் மேசையில் உட்கார்ந்து கேட்பார்கள். ஆனால் விண்ணப்பிக்கப் பதிவுசெய்த திரைப்பட நிறுவனம் ஒன்று வேண்டும். கல்யாண வீடியோக் கடை அந்தக் கணக்கில் சேராது என்று பதில் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உருத்திரமூர்த்தி அண்ணையின் ஞாபகம் வந்தது.

அவருக்கு ரெயில்வே நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. அரிசி, மாசிக்கருவாடு, தொலைபேசி அட்டை எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் எடுத்து இந்தியத் தமிழ்ப் படம் போடுவார். அதற்காக ஒரு நிறுவனம் பதிந்து வைத்திருந்தார். பெயரில் 'ஃபிலிம்' என்ற சொல் இருந்தது. சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

"உனக்கில்லாததோ, பிள்ளை? என்ரை கொம்பனியை உன்ரை கொம்பனி எண்டு நினை" என்றார். கறிவேப்பிலையும் ஒரு கட்டு சும்மா கொடுத்துவிட்டார்.

வீட்டில் சிவானுஜா தாய் மங்கையற்கரசியிடம் ஒரு ஃபெர்ட்ராக் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்று சொன்னாள். தாய் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒப்பந்தமோ? நாங்கள் வந்த புதிசிலை கடனுக்கு அரிசி தந்த மனிசன். அவரிட்டைப் போய்க் கையெழுத்துக் கேப்பியோ? எந்த முகத்தோடை கேப்பாய்?"

கேட்கவில்லை. கேட்காமல் விட்டதோடு நிற்காமல் இன்னொரு வேலையும் செய்தாள். சந்தைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெயரை முதலிலும் தன்னுடையதை அதற்குக் கீழேயும் போட்டாள். கல்யாணக் கார்டில் பெரியவர் பெயரை மேலே போடுகிற பழக்கம்தான். இந்த உலகத்தில் எந்த ஜெர்மன்காரனும் இப்படி ஒரு பிழையைச் செய்திருக்க மாட்டான். நம்மவர்களுக்குத்தான் இது வரும். அதுவும் நல்ல பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்குத்தான் வரும்.

கதை தேர்வாகி, அண்ணையோடு பெர்லினில் இறங்கிய முதல் காலையிலேயே அந்த மரியாதையின் பலன் கழுத்தில் தொங்கியது. ஒரு கதைக்கு ஒரு தயாரிப்பாளர்தானாம். முதல் பெயர்க்காரருக்கு நீல அட்டை கொடுத்தார்கள். சிவானுஜாவுக்குச் சாம்பல் நிற அட்டை. அதில் 'உடன் வருபவர்' என்று எழுதியிருந்தது. தன்னுடைய கதைக்கே அவள் உடன் வருபவள்! மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அட்டைகள் அச்சிட்டு முடிந்துவிட்டன, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

சந்தை என்றால் நல்ல சந்தை. கத்தரிக்காய் வாங்குபவன்கூடக் காயை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவான். இங்கே கண் முதலில் கழுத்து அட்டைக்குப் போகும். நிறம் சரியில்லை என்றால் முகத்துக்கு ஏறி வராது. அப்படியே தோளுக்கு மேலால் அடுத்த ஆளைத் தேடப் போய்விடும். கோப்பி வரிசையில் நின்றபோது நான்கு பேர் அவளிடம் கைகொடுக்க வந்தார்கள். நான்கு பேரும் சாம்பல் நிறத்தைக் கண்டதும் கையைச் சீனிக் கிண்ணத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அண்ணையோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டும் நீல அட்டையுமாகக் களைகட்டினார். கடையின் விசிட்டிங் கார்டை எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு பக்கம் திரைப்படம், மறுபக்கம் பாஸ்மதி அரிசி. வாங்கியவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்தார்கள்.

அவர்களுக்குச் சந்திக்க டெர்மின் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மூனிக்கிலிருந்து வந்த பிராவ் கெஸ்லர் என்ற பெண்மணி. அவருடைய நிறுவனம் கைவைத்தால் படம் நடக்கும். ஒவ்வொரு மேசைக்கும் கால்மணி நேரம். முடிந்தால் மணி அடிக்கும். சிவானுஜா ஜெர்மனில் கதையைச் சொன்னாள். எஸ்-பான் இடத்தில் அந்தப் பெண்மணி சத்தமாகச் சிரித்தார். ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு பதிலையும் அண்ணையின் முகத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். அவர் தலையாட்டினால்தான் அது பதில்.

"வேடிக்கையாக இருக்கிறது" என்றார் பிராவ் கெஸ்லர். "ஆனால் போர் எங்கே?"

"இதில் போர் இல்லை. இது ஹம்பேர்க்கில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் கதை" என்றாள் சிவானுஜா.

பிராவ் கெஸ்லர் வழக்கம்போல அண்ணையைப் பார்த்தார். அண்ணை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: "போரா? போடலாம், போடலாம். பிரச்சினை இல்லை."

மணி அடித்தது.

வெளியே வந்ததும் அவள் அண்ணையை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தாயின் தம்பி ஒருவர் அந்தப் போரில்தான் காணாமல் போனார். தாய் இன்றைக்கும் அவருக்கென்று ஒரு பிடி சோறு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். அதைப் பற்றி ஒருநாள் படம் எடுக்க வேண்டி வந்தால் எடுப்பாள். கேட்டவுடன் தூவிக் கொடுக்க அது என்ன மிளகுத்தூளா?

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிள்ளை, வந்த சனத்துக்கு இல்லையெண்டு சொல்லப்படாது. கடையிலை இல்லாத சாமான் எண்டாலும் நாளைக்கு வரும் எண்டு சொல்லவேணும். அதுதான் யாவாரம்."

அன்று பின்னேரம் பிராவ் கெஸ்லர் தயாரிப்பாளர்களுக்கு விருந்து வைத்தார். நீல அட்டைக்காரர்களுக்கு மட்டும். அண்ணை கொஞ்சம் வருத்தத்தோடுதான் போனார். "நான் எல்லாம் கதைச்சுக்கொண்டு வாறன், நீ யோசியாதை" என்றார். ஹம்பேர்க்கிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரோல்ஸில் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு அவள் விடுதி அறையில் படுத்தாள்.

அதற்குப் பிறகு அண்ணை இரண்டு மூன்று தரம் மூனிக்குக்குப் போய்வந்தார். சும்மா கதைக்க என்றார். அவள் கேட்டபோதெல்லாம் "நடக்குது, நடக்குது" என்றார். கோடை காலத்தில் ஒருநாள் கடைக்குப் போனாள். வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பிள்ளை, படம் நடக்கப்போகுது! கையெழுத்தும் வைச்சாச்சு!"

"எங்கடை படமோ?"

"ஓம், ஓம். கொஞ்சம் மாத்தியிருக்கினம்."

கொஞ்சமா? மூனிக்கில் வேறொருவரைப் பிடித்து முழுக்க எழுதுவித்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லை. திரைச்சீலை இல்லை, எஸ்-பான் இல்லை. பனியில் நின்று அழுகிற ஒரு தாய் இருந்தாள். குண்டு இருந்தது. மண்டபம் மட்டும் இரண்டு நிமிடம் வந்துபோனது. அதிலும் எல்லோரும் அழுதார்கள்.

அவள் ஒரு வழக்கறிஞரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் கதையில் எது இந்தப் படத்தில் மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். அப்படியென்றால் எதைத் திருடினார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கதையைத் திருடியிருந்தால் வழக்குப் போடலாம். இவர்கள் கதையைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தக் கதை பிடித்துத் தந்த கதிரையில் அல்லவா உட்கார்ந்துகொண்டார்கள்! கதிரை யாருடையது என்று பார்க்கப் போனால் அங்கே முதல் பெயர் உருத்திரமூர்த்தி.

"அவருடைய பெயரை ஏன் முதலில் போட்டீர்கள்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"மரியாதைக்காக" என்றாள். அந்த மனிதர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்துவிட்டார்.

படம் வெளிவந்தபோது அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். சனம் எழுந்து போன பிறகும் இருந்து, ஓடுகிற பெயர்களை எல்லாம் வாசித்தாள். தயாரிப்பு என்று அண்ணையின் பெயர் பெரிதாக வந்தது. அவளுடைய பெயர் கடைசியில் நன்றிக்குக் கீழே வந்தது. ஒரு பேக்கரிக்கும் வாடகைக்கார் நிறுவனம் ஒன்றுக்கும் நடுவில். அதிலும் ஒரு எழுத்து பிழை. வாசலில் நின்றே அவருக்கு ஃபோன் எடுத்தாள். 

"அண்ணை, இந்தப் படத்திலை நான் எங்கை?"

"என்ன பிள்ளை, கடைசி வரைக்கும் இருந்து பாக்கேல்லையோ? உன்ரை பெயரும் போட்டிருக்கு. நான் சொல்லித்தான் போட்டவை."

அந்தக் குரலில் துளிக் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கள்ளன் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இந்த மனிதர் உண்மையாகவே தான் ஒரு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமைக்குள் ஊரவர்கள் சேர்ந்து அவருக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். அவளுடைய கதை பிறந்த அதே மண்டபம். வீடியோ எடுக்க அவளையே கூப்பிட்டார் அண்ணை.

"நீதான் வரவேணும், பிள்ளை. நீயெண்டா ஒருத்தரையும் விடமாட்டாய்."

"வெக்கம் கெட்ட மனிசன்!" என்று மங்கையற்கரசி கொதித்தாள். கையெழுத்துக் கேட்காதே என்று சொன்னதை நினைத்து நினைத்து அவள் ஏற்கெனவே தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். "வேறை ஆளைப் பாக்கச் சொல்லு. நீ போகாதை."

"இல்லையம்மா, நான் போறன்" என்றாள் சிவானுஜா. "என்ரை வேலையை நான் நல்லாச் செய்வன்."

நன்றாகத்தான் செய்தாள். வாசலில் பன்னீர் தெளித்த பிள்ளைகளை எடுத்தாள். குத்துவிளக்கு ஏற்றியவர்கள் எல்லோரையும் எடுத்தாள். பொன்னாடையைத் தட்டில் தூக்கி வந்த பெண்களையும், வாழ்த்துரை என்று சொல்லி மைக்கை விடாமல் பிடித்திருந்த நாகமுத்து மாஸ்டரையும் எடுத்தாள். அண்ணை மேடையில் ஏறிப் பேசினார். இந்த மண்டபத்தில் நின்றபோதுதான் இந்தப் படத்துக்கான எண்ணம் தனக்குத் தோன்றியது என்றார். மூனிக்குக்கு நன்றி சொன்னார். கடைக்கு வரும் சனங்களுக்கு நன்றி சொன்னார். கமராவுக்குப் பின்னால் நின்றவள் அந்தப் பட்டியலில் இல்லை. சனம் கை தட்டியது. அவள் கை தட்டிய சனத்தை எடுத்தாள்.

ஒரு மாதம் இருந்து ஆறுதலாக வெட்டி ஒட்டி, நல்ல உறை போட்டு டிவிடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டில் சொந்தக்காரர் எல்லோரும் கூடி, வடை தேநீரோடு போட்டுப் பார்த்தார்கள். மத்தியானம் அவளுடைய ஃபோன் அடித்தது. பின்னால் ஆட்கள் குழம்புகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை... எல்லாரும் வருகினம். மாலை வருது, போடுற கை வருது. நான் கதைக்கிறது கேக்குது, ஆனால் கேக்கிற ஆக்கள்தான் தெரியினம். ரெண்டு மணித்தியாலம் பாத்தாச்சு." குரல் சிறுத்துப் போயிருந்தது. "இதிலை நான் எங்கை, பிள்ளை?"

"கடைசி வரைக்கும் பாத்தனீங்களோ, அண்ணை?"

"இல்லை, பெயர் ஓடத் தொடங்க நிப்பாட்டிட்டம்."

"நிப்பாட்டாதேங்கோ. நன்றிக்குக் கீழே பாருங்கோ. சோறு சமைச்சவருக்கும் மண்டபம் கூட்டினவருக்கும் நடுவிலை உங்கடை பெயரும் போட்டிருக்கு. எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருக்கிறன்."