தடை எடுத்த நாளில் நின்றுபோன குதிரை

1. முதல் நாள்

மாடு, ஆடு, கோழி, நாய். இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் பார்த்தது இவ்வளவுதான். குதிரையைக் கல்லூரியில் தொட்டதோடு சரி. அப்படிப்பட்டவள் மாற்றலாகிக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் சேர்ந்தேன். முதல் நாள் காலை ஓ.பி. ரிஜிஸ்டரைக்கூடத் திறக்கவில்லை. பக்கத்து ஊரான இலஞ்சியிலிருந்து மாடசாமி அண்ணாச்சி மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, நம்ம ராணி வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கி. ஒரு எட்டு வந்து பாருங்க."

ராணி என்றதும் பசு என்று நினைத்தேன். சீசனில் டூரிஸ்ட் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வரும் பெட்டைக் குதிரை என்று எங்கள் உதவியாளர் பேச்சிமுத்து சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குதிரை பார்த்துப் பழக்கமில்லை என்று காட்டிக்கொள்ளவில்லை. முதல் நாளே முழித்தால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

அருவிக்குப் போகும் வழியில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு புளியமரத்தடியில் ராணி நின்றது. உடம்பெல்லாம் வேர்வை, தொடை நடுக்கம், கண்ணில் பயம். பின்னங்காலை எடுத்து வைக்க மறுத்தது.

"வயித்து வலிதான் மேடம். குதிரைக்கு வயித்து வலின்னா நடத்தணும்லா" என்றார் பேச்சிமுத்து.

எனக்கும் கல்லூரியிலிருந்து நினைவில் நின்றது அது ஒன்றுதான். குதிரை வேர்த்துத் தவித்தால் காலிக், அதாவது வயிற்று வலி; காலிக் என்றால் நடக்கவிட வேண்டும். தெரிந்த ஒன்று கையில் கிடைத்த தெம்பில், "நடத்துங்க அண்ணாச்சி, மெதுவா" என்று உத்தரவு போட்டேன். ராணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2. கடுங்காப்பி

அண்ணாச்சி கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு அடிக்கும் ராணி முனகியது. இரண்டு சுற்று வந்ததும் நின்று சிறுநீர் கழித்தது. குனிந்து பார்த்தேன். கடுங்காப்பி நிறம்.

மாட்டு டாக்டர் புத்தி எங்கே போகும்? மாடு சிவப்பாகச் சிறுநீர் கழித்தால் உண்ணிக் காய்ச்சல். என் கை தானாகப் பையில் அதற்கான ஊசி மருந்தைத் தேடியது. மருந்துக் குப்பியை எடுத்த பிறகுதான் ஒரு யோசனை வந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றால் ஏன் பின்னங்கால் மட்டும் இப்படி விறைக்கிறது?

நான் அனாட்டமியில் அரியர் வைத்தவள். விழுந்தது தசைப் பகுதியில். செமிடெண்டினோசஸ், செமிமெம்ப்ரனோசஸ், லாங்கிசிமஸ் டார்சை என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். இரண்டாம் தடவை எழுதும்போது பெயர்களை உடைத்து உடைத்துத்தான் படித்தேன். மயோ என்றால் தசை. மயோசைட்டிஸ், தசை அழற்சி. மயோபதி, தசைக் கோளாறு. ஊரியா என்று முடிந்தால் சிறுநீரில் ஏதோ இறங்குகிறது. சிவந்த சிறுநீருக்கு அப்படி மூன்று பெயர் உண்டு. ரத்தமே இறங்கினால் ஹெமட்டூரியா. ரத்த அணு உடைந்து அதன் நிறம் இறங்கினால் ஹீமோகுளோபினூரியா. தசை சிதைந்து அதன் நிறம் இறங்கினால் மயோகுளோபினூரியா.

மூன்றாவது பெயர் ஞாபகம் வந்த பிறகுதான் ராணியின் புட்டத்தில் கை வைத்தேன். குளூட்டியல் தசை பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. வயிற்றில் ஸ்டெத் வைத்தேன். குடல் சத்தம் நன்றாகவே கேட்டது, வயிற்றில் கோளாறு இல்லை. அடிப் பாவி, இதை முதலிலேயே செய்திருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"நிறுத்துங்க அண்ணாச்சி. ஒரு அடி நகத்தக்கூடாது."

"இப்பந்தான நடத்தச் சொன்னிய?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கேன்."

கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டேன். தசை சிதைந்திருந்தால் ஒவ்வொரு அடியும் அதை இன்னும் சிதைக்கும். சிதைந்தது சிறுநீரகத்தை அடைத்தால் குதிரை பிழைக்காது. நடத்தச் சொன்னவள் நான்.

ரத்தம் எடுத்து ஒரு குழாயில் உறையவிட்டேன். அது மறுபடி கழித்த சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மரத்தடியில் வைத்தேன். பாட்டிலின் அடியில் ஒன்றும் படியவில்லை என்றால் ரத்தம் இல்லை. குழாயில் உறைந்த ரத்தத்துக்கு மேலே தெளியும் சீரம் சிவந்திருந்தால் ரத்த அணு உடைந்திருக்கிறது. தெளிந்த மஞ்சளாக இருந்தால் நிறம் தசையிலிருந்து வந்தது. அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். சாரல் பிடித்துக்கொண்டது. பேச்சிமுத்து தார்ப்பாயைக் கிளையில் கட்டினார்.

அதற்குள் மாடசாமி அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாள் வந்து சேர்ந்தார். என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எப்பயும் போடுததுதான்" என்றார் அண்ணாச்சி.

"அதான் தப்பு. நான் சொன்னா யாரு கேக்கா?" என்றார் இசக்கியம்மாள். "அருவியில தண்ணி கூடி நாலு நாளா குளிக்கத் தடை டாக்டரம்மா. ஆளும் இல்ல, ஓட்டமும் இல்ல. கெட்டிப் போட்ட குதிரைக்கு மூணு வேளையும் முழுக் கொள்ளு. இன்னைக்குத் தடைய எடுத்துட்டாவ. விடிஞ்சதுலேருந்து ஓயாத ஓட்டம்."

"வேலை இல்லன்னு அது சோத்தக் குறைக்கவா? பாவம்லா அது" என்றார் அண்ணாச்சி. ராணியின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

அரை மணி கழித்துப் பார்த்தபோது பாட்டிலின் அடியில் ஒன்றும் படிந்திருக்கவில்லை. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மேலே தெளிந்திருந்த சீரம் நல்ல மஞ்சள். தசைதான். சும்மா நின்ற குதிரைக்கு முழுத் தீனி போட்டு, திடீரென்று ஓடவிட்டால் வரும் தசைச் சிதைவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த வண்டிக் குதிரைகளுக்கு மறுநாள் வருவதால் மண்டே மார்னிங் டிசீஸ் என்று ஒரு பழைய பெயரும் இதற்கு உண்டு. குற்றாலத்தில் அது தடை எடுத்த நாளில் வந்திருக்கிறது.

3. மூன்று பாட்டில்

மருந்தகத்தில் இருந்த சலைன் அத்தனையும் புளியமரக் கிளையில் தொங்கியது. போதாமல் பேச்சிமுத்து பைக்கில் தென்காசிக்குப் பறந்தார். சலைன் நன்றாக இறங்கிய பிறகே வலிக்கு ஊசி போட்டேன். சிறுநீரகம் காய்ந்திருக்கும்போது போட்டால் அதுவே கெடுத்துவிடும். இடுப்பில் உலர்ந்த சாக்கைப் போர்த்தினோம்.

மதியம் பிடித்த பாட்டிலும் அதே கடுங்காப்பி. சலைனை நிறுத்தாமல் ஓடவிட்டேன். சாயங்காலம் பிடித்தது டீ நிறத்துக்கு வந்தது. அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தேன், எங்கே என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று.

மறுநாள் காலை நான் பைக்கிலிருந்து இறங்குவதற்குள் இசக்கியம்மாள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். வெளுத்த மஞ்சள். ராணி மரத்தடியில் காலை மாற்றி மாற்றி வைத்துப் புல் கடித்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்று அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைந்ததுகூட வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது.

உட்கார்ந்தபடியே சொன்னேன். "அண்ணாச்சி, நேத்து நடத்தச் சொன்னது என் தப்பு. தொட்டுப் பாக்காமச் சொல்லிட்டேன்."

அண்ணாச்சி ராணிக்குப் புல்லை நகர்த்திப் போட்டார். இசக்கியம்மாள்தான் சொன்னார். "இவரு கொள்ளு போட்டுக் கெடுத்தாரு. நீங்க நடத்தச் சொல்லிக் கெடுத்திய. ரெண்டு பேரையும் பொறுத்துக்கிட்டுல்லா அது நிக்கி."

சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியும் சிரித்தார்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அந்த நீளப் பெயர்களைப் படியுங்கள், உடைத்துப் படியுங்கள், ஒரு நாள் காப்பாற்றும். ஆனால் பெயரைத் தேடுவதற்கு முன்னால், உத்தரவு போடுவதற்கு முன்னால், கையை எடுத்துத் தசையில் வையுங்கள். நான் வைத்திருந்தால் ராணி அந்த இரண்டு சுற்றையும் நடந்திருக்க வேண்டாம்.

ஓய்வு பெற்றுத் தென்காசியில்தான் இருக்கிறேன். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று டி.வி.யில் ஓடினால் அடுத்த அஞ்சு நிமிஷத்தில் என் போன் அடிக்கும்.

"டாக்டரம்மா, தடை போட்டுட்டாவ. கொள்ள நிப்பாட்டிட்டேன். வெறும் புல்லுதான். நம்ம ராணி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கி."

"நிக்குதுல்லா அண்ணாச்சி. அது போதும்" என்பேன்.